மண்புழு இருக்கும் கழனி

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் தண்ணி மருந்து வாங்க நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். பாட்டில் வைத்திருந்தவள் டவுனில் குடியிருப்பவள். துணைக்கு வந்த அவளுடைய அண்ணிக்குக் கீழ்பென்னாத்தூரில் விவசாயம்.

“மண்புழு இருக்கற கழனி நெல்லத்தான் நாங்க திங்கறோம்,” என்றாள் அண்ணி. “அதான் எங்க ஊட்ல யாரும் இந்த வரிசைக்கு வர்றதில்ல.”

“புழுவா?”

“ஆமா. கெணத்தோரம் அரைக்காணிக்கு மாட்டெருவும் தழையும் மட்டுந்தான். மண்ணு பொலபொலன்னு இருக்கும். அது ஊட்டுக்கு.”

“மீதி நெலம்?”

“அதுக்கு யூரியா போட்டு, பூச்சி மருந்தும் அடிக்கறோம். மண்ணு கல்லு மாதிரி கெடக்குது, புழு ஒண்ணுகூட இல்ல. ஆனா வெளைச்சல் ஜாஸ்தி.”

“அந்த நெல்ல என்னா பண்றீங்க?”

“விக்கறதுதான். எல்லாம் இங்க டவுன் மண்டிக்குத்தான் வருது.”

வரிசை நகர்ந்தது. பாட்டில்காரி நகரவில்லை.

“நான் டவுன்லதான் குடியிருக்கேன்னு எங்கண்ணனுக்கு ஞாபகம் இருக்குதா அண்ணி?”