சாரல் காலத்துக் கொள்ளைக்காரன்

குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துவிட்டால் எனக்குக் கோபமே வராது. இந்த வருஷம் நன்றாக விழுந்தது. ஆகவே ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அபர்ணா தங்கச்சி, நீங்கள் வக்கீல். "வாயால சொன்னா சிரிச்சு மழுப்பிருவீங்க அண்ணாச்சி, எழுதிக் குடுங்க" என்று எட்டு மாத வயிற்றோடு வந்து எங்கள் லாட்ஜ் மேசையில் வெள்ளைத்தாளை வைத்துவிட்டுப் போனீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் கணேசமூர்த்தி. ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். உங்கள் வீட்டுக்காரன் உமாசங்கர் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாக்குமூலம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று கேள்வி.

நான்கு வருஷமாக நாங்கள் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை விண்வெளியில் இருந்தோம். உலகத்தில் பல்லாயிரம் பேர் சேர்ந்து விளையாடும் ஆட்டம் அது. அதில் போலீஸ் ரோந்து இருக்கும் பகுதி உண்டு. எவனும் எவனையும் சுடலாம் என்கிற காட்டுப் பகுதியும் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக கேட்டுகள் இருக்கும். கப்பல் உடைந்தால் உடைந்ததுதான், சரக்கோடு போய்விடும். உமாசங்கரின் சரக்குக் கப்பல் நான்கு வருஷ உழைப்பு.

ஆனி பிறந்த வாரம் அவன் ஹெட்போனில் சொன்னான்: "ஏலே, புள்ள வரப் போகுது. கப்பலைக் கொண்டுபோய்ப் பத்திரமா நிறுத்திட்டு அன்னைக்கே விளையாட்டை விட்டுருதேன். அபர்ணாட்ட சத்தியம் பண்ணிட்டேன்."

"நல்ல காரியம்லே" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாளே எனக்கு இன்னொரு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். பெயருக்காக ரொம்ப யோசிக்கவில்லை. எதிர் ஜன்னலில் குரங்கு ஒன்று உட்கார்ந்து விருந்தாளியின் சோப்பைத் தின்றுகொண்டிருந்தது. 'பிளாக் மங்கி' என்று வைத்தேன்.

அந்த பிளாக் மங்கிதான் காட்டுப் பகுதியின் ஐந்தாவது கேட்டில் நாற்பத்தோரு நாள் நின்ற கொள்ளைக்காரன். அவன் ஒரே ஒரு முறைதான் சுட்டான். அதுவும் வால் பக்கமாக, உரசினாற்போல. இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். கப்பல் உடைந்தால் உமாசங்கர் விளையாட்டை விட்டுவிடுவான். பத்திரமாக வெளியேறினாலும் விட்டுவிடுவான். ஆகவே உடையவும் கூடாது, வெளியேறவும் கூடாது. நான் மிகுந்த பொறுப்போடு நடந்துகொண்டேன்.

இதில் பெரிய வேலையும் இல்லை. மறைந்து நிற்கும் கருவி ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் எங்கே நிற்கிறோம் என்று எவனுக்கும் தெரியாது. அந்தப் பகுதியில்தான் இருக்கிறோம் என்பதை மட்டும் பெயர்ப் பட்டியல் காட்டிக்கொண்டே இருக்கும். லாட்ஜ் கம்ப்யூட்டரில் காலையில் பிளாக் மங்கியை ஏற்றிவிட்டால் போதும். பெருக்க வரும் மூக்கம்மாள் ஆச்சிகூடக் கேட்டாள்: "அண்ணாச்சி, இந்தப் பொட்டியில நாள் பூரா ஒரு கப்பலு சும்மாவே நிக்கி. ரிப்பேரா?"

"காவலுக்கு நிக்கி ஆச்சி."

"நம்ம வாட்ச்மேனு மாரின்னு சொல்லுங்க."

மாலையானால் என் லேப்டாப்பில், என் சொந்தப் பெயரில், அவனைத் தப்புவிக்க நானே வழி யோசிப்பேன். "இன்னைக்கு வேண்டாம்லே, நாளைக்குப் பாப்போம்" என்பேன். பாவம், "நீ இல்லைன்னா நான் என்னலே பண்ணுவேன்" என்பான். அதைக் கேட்கும்போது எனக்கும் கண் கலங்கியிருக்கிறது.

அவன் எப்படி அந்தப் பகுதிக்குள் போய் மாட்டினான் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். குறுக்கு வழி இருக்கிறது என்று நான்தான் கூட்டிப்போனேன்.

இனி வளைகாப்பு. தென்காசி மண்டபத்தில் உங்களுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதல் பந்தியில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, அவங்களைக் கண்டீங்களா?" என்று கேட்டீர்கள். "முக்கியமான போன்ம்மா, வந்துருவான்" என்றேன். அவன் மாடி அறையில் லேப்டாப்போடு இருந்தான். மங்கி எந்த நேரமும் அசரலாம், இன்றைக்குத் தப்பித்தால் சத்தியத்தை நிறைவேற்றிய கையோடு உங்கள் முன்னால் வந்து நிற்கலாம் என்று அவனுக்கு ஆசை. மங்கி அசரவில்லை. அது இங்கே லாட்ஜில் பூட்டிய அறையில் நின்றுகொண்டிருந்தது. உமாசங்கர் இறங்கி வரும்போது ஆரத்தி முடிந்துவிட்டது. நான் இரண்டாம் முறை தயிர்சாதம் வாங்கினேன். சாதம் நன்றாக இருந்தது.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஐந்தருவி. தண்ணீர் கூடி, குளிக்கத் தடை போட்டுவிட்டால் லாட்ஜில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூட்டை கட்டுவார்கள். எல்லாருக்கும் பில் போட வேண்டும். இருப்பது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். கப்பலையும் பில்லையும் சேர்த்துத் தாங்காது. அன்றைக்கு மட்டும் பிளாக் மங்கியை இறக்கிவிடுவேன். "ஆள் இல்லைன்னு நம்பாதே, அது பொறி" என்று உமாசங்கருக்குப் போனில் ஒரு செய்தியும் தட்டிவிடுவேன்.

போன வாரம் அப்படி ஒரு தடை நாளில் அவன் நேரே லாட்ஜுக்கு வந்தான். பில்லுக்கு நின்ற வரிசையில் கடைசியாக, தலையில் துண்டோடு நின்றான். அவன் முறை வந்ததும் மேசையில் கையை ஊன்றினான்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். ஐந்தருவியில தண்ணி கூடினா விண்வெளியில கொள்ளைக்காரன் எதுக்குலே லீவு போடுதான்?"

"தற்செயலா இருக்கும்லே."

"ஆனியில ரெண்டு நாளு, ஆடியில ரெண்டு நாளு, இன்னைக்கு ஒண்ணு. அஞ்சு தடவையுமா? அதுலயும் பேரு மங்கியாம். நாப்பத்தோரு நாளா தோணல பாரு, நான் ஒரு கூமுட்டை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. ஆனால் அவன் சீக்கிரம் நிறுத்திவிட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் லேப்டாப்பிலேயே தன் கணக்கைத் திறந்து கப்பலைக் கிளப்பினான். ஐந்தாவது கேட், ஆறாவது, ஏழாவது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. போலீஸ் பகுதியில் கொண்டுபோய் நிறுத்தினான். பிறகு ஏதோ இரண்டு பொத்தானை அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் வந்தாத்தான்லே கப்பலை இன்னொருத்தன் பேருக்கு மாத்த முடியும். உனக்குக் குடுத்துட்டுப் போகணும்னுதான் இந்தப் பாடு பட்டேன். வேற யாருக்கு விட்டுட்டுப் போவேன்னு நெனச்சே?"

நான் மேசையில் கிடந்த பில் ஒன்றை எடுத்து நான்காக மடித்தேன்.

"விளையாட்டைத்தான்லே விடுதேன்னேன். உன்னையா விடுதேன்னேன்? பஸ் ஏறினா கால் மணி நேரம். நாலு வருசத்துல எத்தன வாட்டி வீட்டுக்கு வந்திருக்கே?"

ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகவே, குறுக்கு வழி காட்டியதும், கேட்டில் நின்றதும், உங்கள் வளைகாப்பில் அவனை மாடியில் உட்காரவைத்ததும் நானே. எல்லாவற்றையும் பாசத்தால் செய்தேன். திருந்தியும்விட்டேன். பிளாக் மங்கி கணக்கை அழித்தாயிற்று.

கப்பல் இப்போது என் பெயரில் இருக்கிறது. நேற்று மாலை ஆறு மணிக்குச் சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். எப்படியோ தெரியவில்லை, ஐந்தாவது கேட்டைத் தாண்டிக் காட்டுப் பகுதிக்குள் போய் மாட்டிக்கொண்டது. தனி ஆளாக வெளியே கொண்டுவருவது சிரமம். உமாசங்கரிடம் உதவி என்று கேட்கவில்லை. தகவல் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.