வராத வெள்ளத்துக்கு வருத்தம் சொன்னவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சாலைக் கடைவீதி அரிசி வியாபாரி, நம் வன்னியபெருமாள் அண்ணாச்சி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆய்வு மையத்தின் மேலதிகாரிகளே, மறைந்த அம்மையாரின் கணவர் செல்வின் மாஸ்டர் அவர்களே, கரமனை ஆற்றங்கரைத் தெருவிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே! அந்தத் தெருவில் கோபத்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டவர்களுக்கும் இந்த ஒலிபெருக்கி கேட்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்கும் என் வணக்கம்.

என் பெயர் கல்யாணராமன். வெள்ள முன்னறிவிப்புப் பிரிவு தொடங்கிய நாள் முதல் முனைவர் ஜெபமலர் அம்மையாருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன். என்னைப் பேச அழைப்பதில் சிலருக்குத் தயக்கம் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். தயக்கத்தில் நியாயம் உண்டு. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு யாருக்குப் போனது, எப்படிப் போனது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால், "துக்கக் கூட்டத்துல யார் பேரையும் இழுக்காதீங்கோ" என்று என் மனைவி பிரேமா சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆகவே மற்ற பெயர்கள் வேண்டாம். ஒரு பெயர் போதும். ஜெபமலர்!

தீபாவளிக்கு முந்தைய வாரம் நாங்கள் ஓர் எச்சரிக்கை கொடுத்தோம். ஆறு கரை தாண்டும், தெருவைக் காலி செய்யுங்கள் என்றோம். நீங்கள் பட்சணச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். ஆறு வரவில்லை. அந்த வாரமே அம்மையாரின் இதயம் நின்றுபோனது. அவர் செய்யாமல் விட்டுப்போன வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் செய்த வேலை என்ன? எளிதாகச் சொல்கிறேன். போணக்காட்டு மலையில் பெய்யும் மழை, வித்துரா பக்கத்து ஓடைகளில் இறங்கி, அணையைத் தாண்டி, கரமனைப் பாலத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? எப்போது வரும்? அதைக் கணக்கிட்டுவிட்டால் அந்தச் சில மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். அந்தச் சில மணி நேரத்துக்காகத் தன் வாழ்நாளைக் கொடுத்தார் அவர்! வித்துரா பஸ்ஸில் நின்றுகொண்டே போய், காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு உதிர்த்துக்கொண்டு, ஒவ்வொரு மழைமானியையும் தன் கையால் நிறுத்தினார். பழைய மழைப் புள்ளிவிவரங்களை எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் கேட்டு வாங்கினார். வெளிநாட்டுச் சூத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். ஜெபமலர் நம்முடைய மண்ணுக்கும் நம்முடைய சரிவுக்கும் பொருந்தும் வரை அந்தச் சூத்திரத்தை விடவில்லை.

முதல் எச்சரிக்கை எப்படி முடிந்தது? மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு துலாவர்ஷக் காலம், அதாவது ஐப்பசி அடைமழைக் காலம். வெள்ளம் வரும் என்றோம், வரவில்லை. மறுநாள் காலை அம்மையார் குடையோடு என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சார், நாம சொன்னது நடக்கல்ல. போய்ச் சொல்லிட்டு வரணும். வாறீங்களா?"

"வெள்ளம் வராதது நல்ல செய்திதானே, மேடம்? அதுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"நல்ல செய்திதான். ஆனா அரிசிச் சாக்கப் பரண்ல ஏத்தினது அவங்க. இறக்கவாவது நாம போவண்டாமா?"

எனக்குக் கோபம் வந்தது. நாமே தப்பு என்று சொன்னால் அடுத்த முறை நம் கணக்கை யார் நம்புவார்கள் என்று கேட்டேன். "கணக்க ஒருத்தரும் நம்பண்டாம் சார். என்னை நம்பினா போதும்" என்றார்.

ஆற்றங்கரைத் தெருவில் வீடு வீடாகப் போனோம். அந்தத் தெருவின் மூத்தவரான சிவகாமியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாடியம்மா! நீ சொன்ன ஆறு எங்கே? வழியில காபி குடிக்க நின்னுடுத்தோ?"

ஜெபமலர் சிரிக்கவில்லை. "மலையில பெய்த மழை அப்படியே கீழ வந்துரும்னு கணக்குப் போட்டோம், அம்மா. மண்ணு காய்ஞ்சு கிடந்தத யோசிக்கல்ல. பாதித் தண்ணிய மண்ணு குடிச்சிட்டுது. தப்பு எங்களுக்குத்தான்."

"அப்போ காபி குடிச்சது மண்ணா! சரி சரி, வந்தது வந்தே, அந்தப் பருப்பு டின்னை எறக்கு."

முனைவர் பட்டம் பெற்ற அந்த அம்மையார் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். நம் அண்ணாச்சி அன்று சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி சுத்திப் போடுங்க, டீச்சரம்மா!" இப்போது அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று முதல் அதுவே அவருடைய முறை. எச்சரிக்கை பொய்த்தால், அவரே போவார். என்ன தவறு என்று சொல்வார். வேறு யார்மீதும் பழி போட மாட்டார். மையத்திலிருந்து கண்டித்துச் சுற்றறிக்கை வந்தது. படித்தார், மடித்தார், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு மெய்யான வெள்ளம் வந்தது. காலையிலேயே கணக்கு சொல்லிவிட்டது. மலையில் மழை கொட்டியது, அணை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஆனால் கரமனையிலோ பளீரென்று வெயில்! வெயிலடிக்கும்போது வீட்டை விட்டுப் போ என்றால் யார் போவார்கள்? நான் அலுவலகத்தில் எண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதே தெருவில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டில் பிரேமா காலில் கட்டோடு, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாள். சிவகாமியம்மாள்தான் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு கதவையும் தட்டினார். "அந்த ஜெபமலர் தப்பாச் சொன்னா வந்து சொல்லுவா. இன்னும் வரல்லே. அப்போ சொன்னது சரிதான். எழுந்திருங்கோ!" என்று கத்தினார். பிரேமாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பிற்பகல் எங்கள் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் ஜன்னலைத் தொட்டு நின்றது. தெருவில் ஓர் உயிர் போகவில்லை. ஓர் உயிர்கூட!

ஜெபமலர் அம்மா! எனக்கு இந்த ஊரில் பலர்மீது மனத்தாங்கல் உண்டு. நன்றி சொல்ல வேண்டியவர்கள் குறைவு. ஆனால் உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனுக்கு முன்னால் அந்த மனத்தாங்கல் எல்லாம் எம்மாத்திரம்?

இப்போது தீபாவளிக்கு முந்தைய வாரத்துக்கு வருகிறேன். மலையில் இருந்த மழைமானிகளில் ஒன்றை இரண்டு வருஷம் முன்பு காட்டுயானை சாய்த்துவிட்டது. புதியது கேட்டு எழுதினோம். யானை அரசு உடைமையைச் சேதப்படுத்தியதற்குச் சாட்சி யார் என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. மற்றவை ஒவ்வொன்றாகப் பழுதாயின. அவற்றின் கோப்புகளும் போன இடத்திலேயே தங்கிவிட்டன. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அன்று அந்த ஒன்றின் தலைமேல் மட்டும் இடிமழை கொட்டியது. மலை முழுவதும் அப்படிக் கொட்டுகிறது என்று எங்கள் கணக்கு எடுத்துக்கொண்டது. நடந்தது இதுதான்.

அம்மையார் இருந்திருந்தால் மறுநாளே உங்கள் வாசலுக்கு வந்திருப்பார். அதற்குள் இதயம் நின்றுவிட்டது. இங்கே வரும் வழியில் ஆற்றோரம் தையல் கடை வைத்திருக்கும் சிவதாணுவைப் பார்த்தேன். தீபாவளித் துணியெல்லாம் தைக்காமல் கிடந்து, வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கியவன். "இனி நீங்க சங்கு ஊதினாலும் நான் எழும்ப மாட்டேன் சாமி" என்றான். அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்த மேடை ஏறினேன். மழைக்காலம் இன்னும் முடியவில்லை. அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. சிவதாணு எழும்பாவிட்டால் அந்தக் கணக்கு எதற்கு? அம்மையார் வாழ்ந்த வாழ்வு எதற்கு?

அவர் படத்துக்கு மாலை போட்டாயிற்று. மண்டபத்துக்கு அவர் பெயர் வைப்பது பற்றித் தீர்மானமும் வாசித்தார்கள். வையுங்கள். ஆனால் என் உறுதிமொழி வேறு. இந்தக் கூட்டம் கலைந்ததும் நான் ஆற்றங்கரைத் தெருவுக்குப் போகிறேன். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை. இனி ஒவ்வொரு முறை பொய்க்கும்போதும் போவேன். மேடையில் இருப்பவர்களும் வரலாம். அந்தத் தெருவில் கார் போகாது, நடந்துதான் வரவேண்டும்.

அவரைப் போல எனக்கு இதமாகப் பேச வராது. ஒன்று மட்டும் அவர் செய்தபடியே செய்வேன். யானையைப் பற்றியோ கோப்பைப் பற்றியோ உங்கள் வாசலில் நின்று ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேச வேண்டியதை, கேட்க வேண்டியவர்கள் முன்னால் இங்கேயே பேசிவிட்டேன். உங்களிடம் சொல்லப்போவது இவ்வளவுதான்: நாங்கள் சொன்னது தவறு. தவறு எங்களுடையது. திட்டுங்கள், நின்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அடுத்த முறை நாங்கள் சொல்லும்போது, வெயிலடித்தாலும், எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.