திரும்பி வந்த இறால்

— அஸர் தொழுகைக்குப் பிறகு பண்ணைக்காரர் சங்கக் கூட்டம். நீயும் வா முஃபீதா. இறால் பெக்டரியில தரம் பாக்குறவ நீதானே. றிஸ்கான்ட இறால்லதான் தடை செஞ்ச மருந்து இருந்திச்சி எண்டு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவன்ட பேர வெட்டிருவோம்.

— நான் வரல்ல நாநா. நீங்களும் போக வேணாம்.

— என்ன கதை கதைக்கிற? கேளு தங்கச்சி, ஐரோப்பாக்குப் போன கண்டெய்னர் முழுசாத் திரும்பி வந்து கிடக்கு. அவன் ஒருத்தன் செஞ்ச வேலைக்கு கற்பிட்டிக் களப்போரத்துல உள்ள அத்தனை பண்ணைக்கும் கெட்ட பேர். இனிப் போற ஒவ்வொரு கண்டெய்னரையும் அங்க உடைச்சிப் பாப்பானாமே?

— ஓம். கொஞ்சக் காலத்துக்குப் பாப்பாங்க.

— ஐரோப்பாக்காரன் யாரு நம்மட இறால் தொட்டிக்குச் சட்டம் போட? வாங்கினா வாங்கட்டும், இல்லாட்டி விடட்டும்.

— அவன் மட்டும் போட்ட சட்டமில்ல நாநா. எல்லா நாடும் கூடிக் கதைச்சி, நம்மட நாடும் ஒத்துக்கொண்டது. வெளிநாட்டுல இருந்து வந்த எண்ணெய் பழுது எண்டு கொழும்புல இறக்க விடாமத் திருப்பினாங்களே, அண்டைக்கு நீங்கதான் நல்ல வேலை எண்டீங்க. அதுவும் இதே மாதிரிச் சட்டம்தான்.

— அது நாங்க சாப்பிடுற சாமான்.

— இது அவங்கட புள்ளைகள் சாப்பிடுறது. அவங்க இந்தத் தொட்டியக் கண்டதில்ல, உங்களையும் என்னையும் கண்டதில்ல. பெட்டியில நான் ஒட்டுற பண்ணை நம்பரையும், கூடப் போற கடதாசியையும் நம்பித்தான் வாங்குறாங்க.

— அதத்தானே நானும் சொல்றேன்! அந்த நம்பிக்கையத்தானே றிஸ்கான் கெடுத்தான்.

— நீங்க மருந்து போடல்லயா நாநா?

— யாரு சொன்ன?

— அறுவடைக்கு முதல் கிழமை, மோட்டர் கொட்டில்ல வெறும் மருந்து டப்பா ரெண்டு கண்டேன்.

— கேளு தங்கச்சி. வெள்ளைப்புள்ளி நோய் வந்து ரெண்டு தரம் தொட்டியே செத்து மிதந்திச்சி. மூணாம் தரமும் இறால் கரையில ஒதுங்கினதக் கண்டதும் எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. சிலாபத்துல ஒருத்தன் தந்தான், கொஞ்சம்தான் போட்டேன். ஆனா என்ட இறால் சோதனையில பாஸ் ஆச்சே. அப்ப அதுல பிழையில்லதானே?

— உங்கட இறால் பாஸாகல்ல. அத நான் லெப்புக்கே அனுப்பல்ல.

— பிறகு?

— ரெண்டு பேர்ட பேர்லயும் றிஸ்கான் நாநாட இறாலத்தான் அனுப்பினேன். பெட்டியில அடைக்கக்குள்ள உங்கட இறாலுக்கு அவர்ட நம்பர ஒட்டினேன், அவர்ட இறாலுக்கு உங்கட நம்பர. அங்க பிடிபட்டாலும் உங்கட பேர் வரப்படாது எண்டு. அந்த நேரம் உங்கட முகம் மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சிச்சி.

— யா அல்லாஹ்! என்ன புள்ள செஞ்சி வச்சிருக்கிற? ஜும்மா முடிஞ்சி பள்ளி வாசல்ல வச்சி அவன நான் ஏசாத ஏச்சா? துப்பாத குறைதான். தலையக் குனிஞ்சி நிண்டானே.

— தெரியும்.

— செருப்பப் போடு. கூட்டத்துல நானே எழும்பிச் சொல்றேன்.

— பிந்திட்டோம் நாநா. முந்தாநாள் அவர்ட வீட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். விசாரிக்க வந்திருக்கிற கொழும்பு ஆக்கள்ட்ட ஒப்புக்கொள்ளப் போறேன் எண்டும் சொன்னேன்.

— என்ன சொன்னான்?

— இருக்கச் சொல்லித் தண்ணி தந்தார். பிறகு, “பண்ணைக்காரன் மருந்து போட்டா ஒரு பண்ணையத்தான் மூடுவாங்க. பெக்டரி நம்பர் மாத்தினா பெக்டரியையே மூடுவாங்க. முன்னூறு பொம்பளைகள் அங்க இறால் உரிக்கிறாங்க புள்ள” எண்டார்.

— அதுக்கு நீ?

— நான் அவர்ட பேச்சக் கேக்கல்ல. நேத்துக் காலையில கொழும்பு ஆக்களுக்கு முன்னால போய் நிண்டேன். அவங்க ஒரு கடதாசிய எடுத்துக் காட்டினாங்க. மருந்து போட்டது தான்தான் எண்டு எழுதி றிஸ்கான் நாநா கையெழுத்து வச்சிருந்தார். அதப் பாத்துட்டு நான் வாயத் திறக்காம வந்துட்டேன் நாநா.