கோடு அஞ்சும் நிக்குது

எதையும் மூன்று முறை சரிபார்ப்பது என் பழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அதனால்தான் ஐயா, நீங்கள் கேட்டதும் வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்றேன். நான் போகும் மாலை வகுப்பு நோட்டில் தேதியும் நேரமும் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் வேலை இரைச்சலைத் தேடுவது. நம் போன் பேசுவதை டவர் கேட்க வேண்டும். அதே அலைவரிசையில் வேறு ஏதாவது கத்திக்கொண்டிருந்தால் டவருக்குக் காது அடைத்துவிடும். ஆனால் அது பேசுவது மட்டும் நமக்கு வந்துகொண்டே இருக்கும். போனில் சிக்னல் கோடு ஐந்தும் நிற்கும். மீன்முள் போன்ற ஆண்டெனாவைப் பிடித்துத் தெருத்தெருவாக நடந்து, கத்துவது எது என்று கண்டுபிடிப்பேன். பக்கத்து டவராக இருக்கலாம். சிக்னலைக் கூட்ட யாரோ மாடியில் மாட்டிய மட்டமான பூஸ்டர் பெட்டியாகவும் இருக்கலாம்.

இந்த வேலையை வாங்கித் தந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். அலுவலகத்தில் எனக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர் வைத்தவரும் அவரே.

“சந்தேகம் வந்துட்டாரு. டீ வேணுமான்னு மூணு தடவ கேளுங்கப்பா, அப்பதான் அவருக்கே தெரியும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒருமுறை அவர் வீட்டில் வைத்து, “நீ பொறந்ததாவது உறுதிதானாடா?” என்றார். அக்கா சிரிக்கவில்லை. அதையும் குறித்திருக்கிறேன்.

தெற்கு டவரில் இரைச்சல் ஏறியபோது ஆறு நாள் அலைந்தேன். கடைசியில் பார்த்தால், நான் படிக்கும் மாலை வகுப்புக் கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஒரு பழைய பூஸ்டர். உரிமையாளரிடம் கேட்டுக் கழற்றினேன், டவர் அமைதியானது. மறுநாள் கூட்டத்தில் அத்தான், “வரைபடத்தப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. இவன அனுப்பிக் கழட்டச் சொன்னேன்” என்றார். மேலதிகாரி அவருக்குக் கை கொடுத்தார். நான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனோ என்று நோட்டைப் பார்த்தேன். இல்லை.

பூஸ்டர் என் பையில் இருந்தது.

எவ்வளவு யோசித்தும் நியாயமான வழி ஒன்றுதான் தோன்றியது. அத்தான் தேடட்டும், கிடைக்காமல் திணறட்டும், பிறகு அவர் தலைக்கு மேலேயே அது இருப்பதை எல்லோர் முன்னும் நான் காட்ட வேண்டும். பதினான்காம் தேதி அக்காவைப் பார்க்கப் போகிற சாக்கில், தெற்கு டவருக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அதை மாட்டினேன்.

இரைச்சல் திரும்பி வந்தது. ஆண்டெனா என் கையில் இருந்ததால் நான் சொன்னதுதான் திசை. வடக்கு டவர் என்றேன்.

“மூணு தடவ பாத்தியா?”

“பாத்தேன் அத்தான்.”

தினமும் மூன்று மணிக்கு வடக்கு டவரை அரை மணி நேரம் அணைத்து, தெற்கில் இரைச்சல் குறைகிறதா என்று பார்க்க அவர் ஏற்பாடு செய்தார். குறையவில்லை. மேலதிகாரி அவரிடம் கடுமையாகப் பேசிய நாட்களும் நோட்டில் உள்ளன.

அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு. இருபதாம் தேதி போயிருந்தபோது அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

“கோடு அஞ்சும் நிக்குதுடா, பேச்சு மட்டும் போகமாட்டேங்குது. மூணு மணிக்கு மேல சுத்தமா செத்துருது. உங்க அத்தான்கிட்ட சொன்னா, ஊருக்கு வைத்தியம் பாத்துட்டு வீட்டுக்கு வர்றேன்றாரு. எனக்கு இழுப்பு வந்தா யாரக் கூப்பிடறது?”

“பாக்குறேன்க்கா.”

மாடிக்குப் போனேன். பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. மூன்று முறை பார்த்துவிட்டு இறங்கி வந்து, “சரியாயிடும்க்கா” என்றேன்.

“உனக்காவது பொறுமை இருக்கே” என்றாள்.

இருபத்திரண்டாம் தேதி, மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு அக்கா முதலில் அழைத்திருக்கிறாள். தெற்கு கேட்காதபோது கைகொடுக்கும் வடக்கு டவர் அணைந்திருந்தது. அணைத்தது அத்தான், பதிவேட்டில் அவர் கையொப்பம்தான் இருக்கிறது. தெற்கு டவருக்குக் காது கேட்கவில்லை. ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டம்மா பார்த்தபோது அக்கா கதவருகே கிடந்தாள். உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்றார் மருத்துவர்.

தொட்டிக்குப் பின்னால் நீங்கள் எடுத்த பெட்டியை மாட்டியது நான். டவரின் காதை அடைக்கும் என்று தெரிந்தே மாட்டினேன். கூப்பிட முடியவில்லை என்று அவளே சொன்ன பிறகும் கழற்றவில்லை. அத்தானை எல்லோர் முன்னும் நிறுத்த இன்னும் மூன்று நாள் தேவைப்பட்டது.

அத்தான், தன்னைத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று சொல்லி அழுகிறாராம். அவளுடைய போனை அவரிடம் காட்டுங்கள் ஐயா. போகாத அழைப்புகள் ஒன்பது. மருத்துவருக்கு மூன்று, அத்தானுக்கு ஒன்று, மீதி ஐந்தும் எனக்கு. நீங்கள் காட்டிய அந்தப் பட்டியலை மட்டும் நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். எங்கள் இருவரில் யாருக்கு வேலை தெரியும் என்பதில் அக்காவுக்குக் கடைசி வரை சந்தேகமே இருந்ததில்லை.