பக்கத்து சீட்

உங்க ஊருக்குப் பருத்தித் துணிதான் சரி, மேடம். கிளம்பும்போதே அக்கா சொன்னா, நான்தான் கேக்கல. காலைல குளிச்சு ஓட்டல் வாசலுக்கு வந்தாலே முதுகெல்லாம் ஒட்டிக்குது. அதுக்காக ஊரைக் குறை சொல்ல மாட்டேன். அகலமான ஆறு, கரையோரம் நடைபாதை, நடைபாதை பூரா உதிர்ந்து கிடக்கற ஊதாப் பூ. பூவை மிதிச்சா வழுக்கும். அதனால அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டேதான் நடந்தேன்.

நாப்பத்தாறு வயசுல என்ன கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறதுன்னு நினைப்பீங்க. நான் பயந்த சுபாவம், மேடம். லிஃப்ட்னா பயம், தண்ணின்னா பயம், போன் அடிச்சாகூட பயம். நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரே கூடத்துலதான் எல்லா வகுப்பும். டீச்சர் என் பேரைக் கூப்பிட்டா எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கும். கூடத்தோட அந்தக் கோடியில இருந்து அக்கா கையத் தூக்கி, "வந்திருக்கா டீச்சர்"னு கத்துவா. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்.

கடைசி வரைக்கும் அப்படியேதான் ஓடுச்சு. அப்பா அம்மா போனதுக்கப்புறம் பேங்க், ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ் எல்லாத்துக்கும் அக்காதான். அவ தையல் மெஷின் விக்கற கடையில மேனேஜர். ஊமையைக்கூட பேச வெச்சு மெஷினைத் தலையில கட்டி அனுப்பிடுவா. நான் வீட்டைப் பார்த்துக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகல. அதுல எங்களுக்கு ஒரு குறையும் தெரியல. எனக்குத் தெரியல, அதை மட்டும் சொல்லிக்கறேன்.

இந்த டூருக்குப் போலாம்னு அவதான் பிடிவாதமா நின்னா. வந்த அன்னிக்கே சாப்பாட்டுக் கடையில மெனுவை என் பக்கம் தள்ளி, "நீ சொல்லு"ன்னா. எனக்குக் கை நடுங்குது. சர்வர் நிக்கறார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. மறுநாள் படகுத்துறையில டிக்கெட் வரிசையில என்னை நிக்க வெச்சுட்டு அவ தள்ளிப் போய் நின்னுக்கிட்டா. ஓட்டல்ல என்னை மட்டும் லிஃப்ட்ல ஏத்திவிட்டு, "உள்ள என்ன புலியா இருக்கு? ஏறுடி குட்டி"ன்னுட்டு மாடிப்படியில ஏறி வந்தா. கதவு திறக்கும்போது நான் மூலையில குந்தி உக்காந்திருந்தேன். அவ மூச்சு வாங்கிக்கிட்டே, "பார்த்தியா, உசுரோடதான இருக்கே"ன்னு சிரிச்சா.

எதுக்கு இதெல்லாம்னு அன்னிக்குச் சாயங்காலம் ஆத்தங்கரை பெஞ்சுல வெச்சு சொன்னா. எங்க தெருவுல மூக்குக்கண்ணாடி கடை வெச்சிருக்கறவர், மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன். அவரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறாளாம். "அம்பத்திரண்டு வயசுல இதென்ன கூத்துன்னு ஊரு சிரிக்கும், சிரிக்கட்டும். நீயும் எங்ககூட வந்துடுன்னு அவரே சொல்றாரு. நான்தான் வேண்டாம்னேன். நீ தனியா இருந்து பழகணும் குட்டி. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னை யாரு பார்ப்பா?"

அவ முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். நான் "நல்லது அக்கா"ன்னேன். கண்ணு முன்னாடி வேற ஒண்ணு ஓடுச்சு. பூட்டின வீடு, அடிக்கற போன், கதவைத் தட்டற ஆளு, பதில் சொல்ல நான் மட்டும். ராத்திரி அவ குறட்டை விட்டுத் தூங்கினா. நான் அவ புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்.

மறுநாள்தான் மணல் திட்டுக்குப் போற படகு. ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, தண்ணி இறங்கற நேரத்துல மட்டும் அந்தத் திட்டு வெளிய தெரியும். கடல் ஏறினா ஆளுயரத்துக்கு மேல முங்கிடும்னு படகுல கூட வந்த கைடு சொன்னார். தமாஷான மனுஷன். "எனக்கும் கணக்குக்கும் ஆகாது. எண்ணினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வருது. அதனால நான் எண்ண மாட்டேன். கிளம்பும்போது பக்கத்து சீட்டைப் பாருங்க. ஆள் இல்லன்னா கையத் தூக்குங்க. நீங்க தூக்காம படகு கிளம்பிடுச்சுன்னா பாவம் உங்களுக்கு, சம்பளம் எனக்கு." எல்லாரும் சிரிச்சாங்க.

செருப்பை ஒரு பிளாஸ்டிக் கூடையில போட்டுட்டு வெறுங்காலோட ஏணியில இறங்கணும். எங்க செருப்பு ரெண்டும் ஒரே மாதிரி, பழுப்புக் கலர். அக்கா எது வாங்கினாலும் ரெண்டா வாங்குவா. திட்டோட அந்தக் கோடியில அலையாத்தி மரங்க கூட்டமா நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி சிப்பி நிறைய கிடக்குன்னு யாரோ சொன்னதும் அக்காவுக்குக் கால் தரிக்கல. போனை என் பையில போட்டுட்டு, "நான் கொஞ்சம் பொறுக்கிட்டு வர்றேன். அதுக்குள்ள கிளம்பறாங்கன்னா கையத் தூக்கு, அக்கா வரலன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. யாரும் உன்னைக் கடிச்சுத் திங்க மாட்டாங்க. இத்தனை வருஷம் உனக்காக நான் தூக்கினேன்ல, இன்னிக்கு நீ எனக்காகத் தூக்கு"ன்னா. கன்னத்தைக் கிள்ளிட்டுப் போனா.

கொஞ்ச நேரத்துல மேற்க கருத்துக்கிட்டு வந்துச்சு. உங்க ஊர்ல மத்தியானம் ஆனா அப்படித்தானே. இடி சத்தம் கேட்டதும் கைடு விசில் ஊதினார். எல்லாரும் ஓடி வந்து ஏறினாங்க. அக்காவுக்கு விசில் கேட்டிருக்காது, காத்து எதிர்ப்பக்கம். எங்க சீட் கடைசி வரிசை. அங்க நாங்க ரெண்டு பேரும்தான். படகுக்காரர் மழைக்காகத் தார்ப்பாயை ரெண்டு பக்கமும் இறக்கி விட்டுட்டார். நான் பையைத் தூக்கி அக்கா சீட்ல நிமிர்த்தி வெச்சு, என் துப்பட்டாவை மேல போர்த்தினேன். பை நனையக் கூடாது பாருங்க, உள்ள அவ போன் இருந்துச்சு.

"பக்கத்து சீட் பார்த்துக்கோங்க, யாராவது இல்லையா?"ன்னு கைடு முன்னாடி நின்னு கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது, காதுல அதுதான் கேக்குது. கை மடியில கிடந்துச்சு. அதைத் தூக்கணும்னு நினைச்சேன், மேடம், நினைக்கலன்னு சொல்ல மாட்டேன். கை என் பேச்சைக் கேக்கல. பயந்தவங்களுக்குத்தான் அது புரியும்.

படகு திரும்பினதும் தார்ப்பாய் இடுக்குல பார்த்தேன். அக்கா மரத்துக்கு இந்தப் பக்கம் வந்துட்டா. புடவைத் தலைப்புல சிப்பியை முடிஞ்சு ஒரு கையில பிடிச்சிருந்தா. இன்னொரு கையைத் தூக்கினா. முதல்ல சும்மா டாட்டா காட்டற மாதிரி இருந்துச்சு. அப்புறம் தலைப்பை விட்டுட்டு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு ஓடி வந்தா. சிப்பி எல்லாம் கொட்டிடுச்சு. வாய் திறந்து மூடறது தெரியுது. மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அவ பயந்து நான் பார்த்ததே இல்ல. அன்னிக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையா வந்துச்சு, அதே நேரம் மனசுக்குள்ள ஒரு குரல், இப்ப தெரியுதாக்கா, நான் தினம் தினம் இப்படித்தான் இருக்கேன்னு சொல்லுச்சு. கொஞ்ச நேரம் பயந்தா புரிஞ்சுக்குவா, பயந்தவளைத் தனியா விடக் கூடாதுன்னு தெரிஞ்சுக்குவான்னுதான் நினைச்சேன். வேற ஏதாவது படகு வரும்னு நினைச்சேன். அந்த மழைக்கு எந்தப் படகும் வராதுன்னு பக்கத்துல பேசிக்கிட்டாங்க. அதுவும் காதுல விழுந்துச்சு.

ரூமுக்கு வந்து ஜன்னல் திரையை மூடிட்டேன். அங்கிருந்து ஆறு தெரியும், தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. பையில அக்கா போன் அடிச்சுது. கண்ணாடிக் கடைக்காரர். விட்டு விட்டு அடிச்சுது. போன் எடுக்கறதுன்னா எனக்குப் பயம்னு முதல்லயே சொன்னேன்ல. தலைகாணியை மேல வெச்சு அமுக்கிட்டு உக்காந்திருந்தேன். அக்கா வந்து எடுப்பான்னு அப்பக்கூடத் தோணுச்சு, பழக்கம்தானே.

இவ்வளவுதான் நடந்தது. நான் அவளைத் தள்ளல. ஒரு விரல் படல. பயந்தேன், கையத் தூக்கல. பயப்படறது குத்தம்னா நான் பிறந்ததுல இருந்தே குத்தவாளிதான்.

இந்தச் செருப்பா? ஆமா, இது அக்காவுதுதான். அவ படகுலயே கழட்டிப் போட்டது, என் ரூமுக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்க. நீங்க கேப்பீங்கன்னு தெரியும்.

படகுத்துறைக்கு வந்ததும் எல்லாரும் கூடையில இருந்து அவங்கவங்க செருப்பை மாட்டிக்கிட்டு மழைக்கு ஒதுங்கி ஓடினாங்க. ஒரு ஜோடி மட்டும் மிஞ்சிடுச்சு. கைடுக்கு முகம் மாறிப் போச்சு. தமாஷெல்லாம் போன இடம் தெரியல. செருப்பை உயர்த்திப் பிடிச்சுக்கிட்டு, "யாரோடது இது? யாராவது ஏறாம விட்டுட்டோமா? இன்னும் ஒரு மணி நேரம் திட்டு முங்காது, இப்பவே திரும்பிப் போயிடலாம், சொல்லுங்க"ன்னு கத்தினார். படகுக்காரர் மோட்டாரை நிறுத்தாம அவர் வாயையே பார்த்துக்கிட்டு நின்னார். படகுத்துறைக் கூரைக்கடியில பூரா ஜனம். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க.

நான் கையத் தூக்கினேன். "என் அக்காவுது. மழைக்குப் பயந்து வெறுங்காலோட முன்னாடியே ஓடிட்டா"ன்னு சொன்னேன். குரல் கணீர்னு வந்துச்சு, கையில நடுக்கமே இல்ல. அக்கா பார்த்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா, மேடம்.