எம்மெட் சாரின் பெட்டிகள்

காகிதப் பெட்டியை முதுகு பிடிக்காமல் தூக்க ஒரு வழி இருக்கிறது. இடுப்பை வளைக்கக் கூடாது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் வெறும் காகிதம்தானே என்று நினைப்பார்கள். வீட்டில் அது மாதிரி கனக்கிற பொருள் வேறு கிடையாது. அன்றைக்கு எல்லாப் பெட்டிகளையும் நான் ஒருத்தியாகத்தான் வண்டியில் ஏற்றினேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. வேறு யாரையும் இதில் இழுக்க வேண்டாம்.

என் பெயர் வில்மா டங்கன். சினிமா எழுத்தாளர் எம்மெட் ஸ்ட்ராடரிடம் திரைக்கதை தட்டச்சு செய்ய வந்தவள். நான் சேர்ந்த சில வருஷங்களில் அவருக்கு வேலை வருவது குறைந்துவிட்டது. ஹாலிவுட்டில் பழைய ஸ்டுடியோக்கள் கட்டடங்களை விற்றுக்கொண்டிருந்த சமயம். அவர் எழுதிக்கொண்டிருந்த ஸ்டுடியோவின் பின்வாசலில் ஒரு நாள் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி நின்றது. உள்ளே முழுக்கக் காகிதம். அவர் நல்ல கோட்டோடு அதற்குள் இறங்கிவிட்டார். அவர் எடுத்துக் கொடுக்க, நான் வாங்கி காரில் அடுக்கினேன். முத்தத்தின் நீளத்தைக் குறைக்கச் சொல்லித் தணிக்கைக்காரர்கள் எழுதிய கடிதங்கள், முதலாளிகள் கோபத்தில் அடித்த தந்திகள், உடை வரைபடங்கள், செருப்புத் தைப்பதற்காக, இப்போது செத்துப்போன நடிகைகளின் பாத அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டைகள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை.

பிறகு காகிதம் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தது. வீடு நிறைந்தது. பிரித்து, துரு ஏறிய கிளிப்புகளைக் கழற்றி, பெட்டிகளில் வைத்தது நான். அவருக்குப் பக்கவாதம் வந்து கால்கள் விழுந்த பிறகு பின்னறைக்கே குடிவந்துவிட்டேன். குளிக்க வைப்பது, மாத்திரை, சக்கர நாற்காலி எல்லாம் என் பொறுப்பு. அவருக்குக் குழந்தைகள் இல்லை. அவர் காலத்துக்குப் பின் பெட்டிகள் எல்லாம் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார். நூலகத்தில் சொன்னது ஒன்றுதான்: சேகரிப்பு முழுசாக இருக்க வேண்டும்.

அதுதான் பிரச்சினை. அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

உங்களுக்குப் புரிய ஒரு உதாரணம் சொல்கிறேன். சமையலறைக் குழாய் சரிபார்க்க ரஸ் என்று ஒருவர் வந்தார். வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டிருந்தவரிடம் சார் பேச்சுக் கொடுத்தார்.

"உன் பொண்ணுக்கு சினிமான்னா பிடிக்குமாப்பா?"

"பைத்தியம் சார். பழைய படம் டிவில வந்தா சாப்பாடு கூட வேணாம் அவளுக்கு."

"அப்ப இந்தத் தந்திய எடுத்துட்டுப் போய் அவகிட்ட கொடு. இத அனுப்பின முதலாளிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது."

"சார், அது தந்திப் பெட்டியில இருக்கறது," என்றேன் நான்.

"பெட்டிக்குப் பசிக்கவா போகுது? நீ எடுத்துக்கப்பா."

"அம்மா முறைக்கிறாங்களே சார்."

"என்னையும் அவ அப்படித்தான் பாப்பா. என்னையும் மடிச்சு ஒரு அட்டப்பெட்டியில போட்டு, மேல பேர் எழுதி ஒட்டிடணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆச."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் ரஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தந்தியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பசைநாடா போட்டு ஒட்டியிருந்தார்கள். உரித்தபோது மேல் தோல் கூடவே வந்துவிட்டது. இப்படித்தான் தபால்காரர், நர்ஸ், பைபிள் விற்க வந்த பெண் என்று ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றேன். சிலர் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். நான் வீடு திரும்புவதற்குள் அவர் இன்னொன்றைக் கொடுத்திருப்பார். கோபம் எல்லாம் இல்லை ஐயா. கோபப்படத் தெம்பு வேண்டும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் கண்விழிக்கும்போது, இன்றைக்கு எது போகப்போகிறது என்று தோன்றும். அவ்வளவுதான்.

தீ வந்த அன்று காலையிலிருந்தே பாலைவனக் காற்று. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேற்கு மேட்டுக்கு மேலே புகை தெரிந்தது. ரேடியோவில் எங்கள் பள்ளத்தாக்கின் பெயரைச் சொன்னார்கள். நான் ஸ்டேஷன் வேகனை வாசலுக்குக் கொண்டுவந்து ஏற்ற ஆரம்பித்தேன். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"வில்மா, அந்தச் செத்தவங்க எல்லாரும் வண்டியில வராங்க. எனக்கு எடம் வெச்சிருக்கியா, இல்ல நான் பின்னாலயே உருண்டு வரணுமா?"

"அடுத்த நடையில சார்."

"அதுவரைக்கும் நெருப்ப யாரு பிடிச்சு வெப்பா?"

அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கீழ்வீட்டு ஃபே ஓல்சன் தன் பிக்கப் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினாள். அவளும் அவள் நாயும் மட்டும்தான். சத்தமாகக் கூப்பிட்டாள்.

"எம்மெட் எங்கடி? தூக்கிட்டு வா, என் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன். நாய் பின்னால போயிடும்."

"நீங்க கிளம்புங்க. அவர நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"சீக்கிரம் வந்துடு, காத்து திரும்புது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அழுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளிடம் சொல்லுங்கள், அவள் தப்பு எதுவும் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டவள் நான்தானே.

முன் சீட்டில் என்ன இருந்தது என்று நேற்று கேட்டீர்கள். ஒரு தொப்பிப் பெட்டி, பழைய படத்தில் ஒரு நடிகை போட்ட தொப்பி உள்ளே. வளைவில் சரியாமல் இருக்க சீட் பெல்ட் போட்டிருந்தேன். அதை எடுத்திருந்தால் அவரை உட்கார வைத்திருக்கலாமே என்றீர்கள். வைத்திருக்கலாம். தொப்பியின் விளிம்பு மிகவும் மெல்லியது, மடியிலோ கூரையிலோ வைக்க முடியாது. இதை நான் அந்த இடத்தில் நின்று யோசித்தேன். அவசரத்தில் செய்யவில்லை.

அப்புறம் அந்தத் துண்டு. தீயணைப்புக்காரர்களின் கேப்டன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டைக் காலி செய்து கிளம்புகிறவர்கள் வேலிக் கதவில் வெள்ளைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போவோம். அதைப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். தீயணைப்புக்காரர்கள் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்காமல் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். நான் குளியலறைத் துண்டைக் கட்டினேன். காற்று பலமாக அடித்ததால் இரண்டு முடிச்சாகப் போட்டேன்.

கீழே சாலையை மறித்து நின்ற இளைஞர், உங்கள் ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர்தான், வண்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"மேல யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"கதவுல துண்டு கட்டிட்டேன் தம்பி," என்றேன்.

அது பொய் இல்லை. கட்டியிருந்தேன். அவர் கையை ஆட்டி அனுப்பிவிட்டார். எனக்குப் பின்னாலேயே சாலையை மூடினார்கள். அடுத்த நடை என்று ஒன்று கிடையாது என்பது கிளம்பும்போதே எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க நான் வரவில்லை. அவர் உள்ளே இருக்கிறார், நடக்க முடியாது, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் முடிச்சுப் போட்டேன். அவருக்கு எண்பது வயது ஆகிவிட்டது. அந்தக் காகிதங்கள் இனிமேல்தான் வாழப்போகின்றன.

நேராக நூலகத்துக்குப் போய் இறக்கினேன். அங்கே குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள். கையுறை இல்லாமல் யாரும் தொட முடியாது. இனி யாரும் எதையும் எடுத்துப்போக முடியாது. அன்றைக்குப் பல வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. நான் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது, பொழுது போகட்டும் என்று அவர் ஒரு பெட்டியிலிருந்து தன் முதல் படத்தின் கடைசிக் காட்சியை உருவிப் படித்துக்கொண்டிருந்தார். பென்சிலில் எழுதியது, வேறு பிரதி கிடையாது. துண்டு கட்டும்போது அது ஞாபகம் வந்தது. உள்ளே போயிருந்தால் "கிளம்பலாமா?" என்று கேட்டிருப்பார். அதற்குப் பயந்து போகாமல் விட்டுவிட்டேன். அவரோடு அதுவும் எரிந்துபோய், இப்போது அந்தப் பெட்டி குறையாக இருக்கிறது. போய் அவர் மடியிலிருந்து அந்தப் பக்கங்களை வாங்கி வந்திருக்க வேண்டும் ஐயா. அது முழுக்க என் தப்பு. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.