உப்பில்லாத கஞ்சி

முத்தையாபுரத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது வீண் வேலை, இன்ஸ்பெக்டர் அய்யா. உப்பளக் காற்றுக்கு ஒரே மாதத்தில் சுவரில் உப்புப் பூத்துவிடும். ஆனாலும் போன ஆடியில் என் வீட்டுக்கு நானே மூன்று தடவை அடித்தேன். ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் வேதமணி. டாக்டர் சுந்தரராஜிடம் பன்னிரண்டு வருடமாகக் கம்பவுண்டர். அவர் நாக்கை நீட்டச் சொல்வார். மருந்தை நான் கலப்பேன். ஊரார் அவரைக் கைராசிக்காரர் என்றார்கள். யாருடைய கை என்று ஒருவரும் யோசித்ததில்லை.

என் மகள் ஜீவமணிக்கு ஒன்பது வயது. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். வாசலில் சிப்பிகளை வரிசையாக வைப்பாள். ஒன்றை நகர்த்தினால் தலையைத் தரையில் மோதுவாள். தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறர் சொல்லும் கடைசி வார்த்தையைத்தான் திருப்பிச் சொல்வாள். டாக்டருக்கு இது என்னவென்று தெரியவில்லை. ‘நரம்பு’ என்று எழுதினார். கோயிலில் குருவானவர் “மனந்திரும்புங்கள்” என்றால் இவளும் உரக்க “மனந்திரும்புங்கள்” என்பாள். சபையே சிரிக்கும். அந்தப் பிரசங்கத்தைக் காதில் வாங்கியது அவள் ஒருத்திதான், அது வேறு விஷயம். பாடகர் வரிசையில் நின்ற எனக்கு அவமானமாக இருந்தது.

டாக்டர் நரம்பை அடக்கும் புரோமைடு மிக்சர் எழுதினார், வேளைக்கு ஒரு தேக்கரண்டி. நான் மூன்றாக்கினேன். உப்பைக் குறைத்தால் மருந்து உடம்பில் தங்கும் என்று அவருடைய புத்தகத்தில் இருந்தது. அவர் அதைப் பிரித்ததே இல்லை. கஞ்சியில் உப்பை நிறுத்தச் சொன்னேன்.

“உப்பில்லாம புள்ள எப்படிங்க குடிப்பா? ஓங்கரிச்சுத் துப்புதா” என்றாள் என் மனைவி அற்புதமணி.

“குடிப்பா.”

குடித்தாள். பிறகு சுவரில் பூத்த உப்பை நக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் சுண்ணாம்பு அடித்தேன். அற்புதமணி முந்தானையில் கல்லுப்பை முடிந்துவைத்து ஊட்டினாள், அதையும் பிடித்தேன். பாசம் என்றால் வாயில் எதையாவது திணிப்பது என்று பெண்களுக்கு நினைப்பு.

மகளுக்கு முகமெல்லாம் கொப்புளம் வந்தது. எச்சில் வடிந்தது. கள் குடித்தவனைப் போல் நடந்தாள். சிப்பி வரிசை கோணலாயிற்று, அவள் கவனிக்கவில்லை. கோயிலில் ஒரு சத்தம் இல்லை. குருவானவர் என் கையைப் பிடித்து, எல்லாம் கர்த்தருடைய கிருபை என்றார். மிக்சர் கலந்தவன் நான்.

கடைசியில் டாக்டர் அவளைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவராகக் கண்டுபிடித்த ஒரே நோய் அதுதான்.

“வேதமணி, புள்ளைக்கு மருந்து ஏறிப்போச்சுவே. இன்னைக்கே நிறுத்தும். உப்புத் தண்ணி குடும், எறங்கிரும்.”

எனக்கும் தெரியும். புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. ஆனால் மருந்து இறங்கினால் பழைய ஜீவமணி திரும்பி வருவாள், சபையின் சிரிப்பும் வரும். வீட்டில் அற்புதமணி உப்பைக் கரைத்து வைத்தாள். அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, தம்ளரை முற்றத்தில் கொட்டினேன். மகள் அந்த ஈரத்தில் விரலை வைத்து நக்கினாள். யாரும் எதுவும் சொல்லாமலே, “உப்பு” என்றாள்.

ஒன்பது வருடத்தில் தானாகப் பேசிய முதல் வார்த்தை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? மூன்று தேக்கரண்டியை அன்றே நான்காக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு நின்றது. நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் மகள் குணமான பிறகுதான் இறந்தாள். அதையும் சேர்த்து எழுத வேண்டும்.